புழங்குன பொருள்

மண்ணு வச்சாச்சு. அடிவயித்துல ஒரு பட்டி, கண்ணு ரெண்டுக்கும் சேத்து ஒரு பட்டி, மேல கம்பளியை இழுத்துப் போத்தியாச்சு. இனி அந்த மண்ணு குளிர்ச்சி விட்டு உடம்புச் சூட்டுக்கு வர்ற வரைக்கும் எனக்கு வேலை இல்ல, இந்த ஸ்டூல்ல சும்மா உக்காந்திருக்க வேண்டியதுதான், அதுக்குள்ள என்ன செய்யப்போறேன்னு யோசிச்சுக்கிடணும். அம்மா, அவனைக் கூப்பிடும்மான்னு கேட்டுட்டா. வந்தவ செருப்பைக் கழட்டல, தண்ணி குடிக்கல, மதுரையிலருந்து சின்னமனூர் வரைக்கும் பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்திருக்கா, முகமெல்லாம் கருத்துப்போயி, வாசல்ல நின்னபடியே கேட்டுட்டா. யாரைடின்னு நான் கேக்கல. கேக்காம இருந்தேனே, அதுவே பெருசு. ஏ மேகலா, பிசிக்ஸ் டீச்சர் மேகலா, உங்கம்மா என்ன வேலை பாக்குறாங்கன்னு பிரண்ட்ஸ் கேட்டா பேயோட்டுறாங்கன்னா சொல்றதுன்னு அந்தக் கதவை ஓங்கிச் சாத்திட்டுப் போனவ நீதானடி. இன்னிக்கு நீயே வந்து நிக்கிற. நான் என்னத்தைச் சொல்ல. மொதல்ல படு, உடம்பு அனலாக் கொதிக்குது, மண்ணு வைக்கிறேன், மத்ததைப் பெறகு பாப்போம்னுட்டேன். யாருக்கு என்ன பதில் சொல்லணும்னு தெரியலையோ அவங்களைப் படுக்க வச்சு மேல மண்ணை அப்பிடுறது எனக்குப் பழகிப்போச்சு. ஆனா கண்ணு மேல வச்சதுக்கு வைத்தியக் காரணம் ஒண்ணும் கெடையாது. என் மூஞ்சியை அவ பாக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பக்கத்து மில்லுல இன்னிக்கு மொளகாய் அரைக்கிறான், படுபாவி. தொண்டையெல்லாம் கமறுது. நல்லதுதான், கண்ணுல தண்ணி வந்தா மொளகாய் நெடின்னு சொல்லிக்கிடலாம். இவ மூச்சு இன்னும் மேல மேலதான் ஓடுது, வயித்துக்கு எறங்கல. பட்டி ஏறி ஏறி எறங்குது. இந்த வயிறு ரெண்டு மாசத்துக்கு முன்னால எப்படி இருந்துச்சு, உச்சியில தொப்புள் பிதுங்கி, தோல் மினுமினுன்னு, தொட்டா திண்ணுன்னு. இப்ப பாரு, காத்துப் போன மாதிரி. நினைக்காதே, வேற எதையாவது நினை. நான் படிச்சது பேயோட்டுறதுக்கு இல்ல. ஒழுங்கா காலேஜுல பொணத்தை அறுத்துப் பாத்து, எலும்பு பேரு நரம்பு பேரெல்லாம் மனப்பாடம் பண்ணி, இயற்கை மருத்துவத்துல பட்டம் வாங்கிட்டு வந்தவ. மண்ணு, தண்ணி, வெயிலு, பட்டினி, இந்த நாலும்தான் என் மருந்து. ஊருக்குள்ள மண்ணு டாக்டரம்மான்னு பேரு. அப்பெல்லாம் மந்திரம் தாயத்துன்னு எவனாவது வந்தா நானே வெரட்டியிருக்கேன். பெறகு ஒருநாள் வாழைக்காய் மண்டிக்காரர் வீட்டம்மா மலச்சிக்கல்னு வந்தா. இதே கட்டில்தான். வயித்துல மண்ணை வச்சு நான் அந்தப்பக்கம் திரும்பல, குலுங்கிக் குலுங்கி அழறா. வலிக்குதாம்மான்னேன். இல்லங்க டாக்டர், குளுகுளுன்னு எங்கம்மா கை மாதிரி இருக்குன்னா. மலச்சிக்கலுக்கு எங்கிட்ட மருந்து இருக்கு, அம்மா கைக்கு நான் எங்கிட்டுப் போவேன்? அதுக்கப்புறம் கவனிச்சுப் பாத்தா வர்றவங்கள்ல பாதிப்பேரு அழறாங்க. வயிறு ஒண்ணைச் சொல்லிக்கிட்டு வருது, மனசு வேறொண்ணைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே வருது. நான் வயித்தை மட்டும் பாத்து அனுப்பிக்கிட்டிருக்கேன்னு உறுத்த ஆரம்பிச்சது அப்பத்தான்.

ஆனா அந்த உறுத்தல் மட்டும் இருந்தா நான் இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டேன். இவ அப்பா போனாரே, பல்லு வெளக்கிக்கிட்டே சாஞ்ச மனுசன், வாயில நுரையோட, ஒரு வார்த்தை சொல்லாம. பாவி மனுசன், போறேன்னாவது சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல. இவ அப்ப ஒன்பதாவது படிச்சா. எனக்கு சோறு எறங்கல, தூக்கம் இல்ல, இடுப்புக் குளியல், நெஞ்சுப் பட்டி, எனக்கே எல்லாம் செஞ்சு பாத்தேன், ம்ஹூம். அப்பத்தான் இந்தச் சுருளி முதுகு வலின்னு வந்தான். பகல்ல லோடு ஆட்டோவுல வாழைத்தாரு அடிக்கிறவன், செவ்வாய் வெள்ளி உடுக்கை எடுத்து அடிச்சுக் குறி சொல்ற கோடாங்கி. எனக்குத் தம்பி வயசு. என் மூஞ்சியைப் பாத்துட்டு, டாக்டரக்கா, நீங்க ஊரு முதுகையெல்லாம் நிமுத்துறீக, உங்க முதுகு கூனிக்கெடக்கே, ஐயாவைக் கூப்பிட்டுப் பேசிப் பாப்பமான்னான். போடா பொழைப்பத்தவனேன்னேன். மறுவாரம் நானே போனேன். ஐயா புழங்குன பொருள் ஒண்ணு வேணும்க்கா, துவைக்காததா, வேர்வை பட்டதான்னான். அதுதான் அவங்க முறை. புதுப்பொருள் செல்லாது, போட்டோ செல்லாது, செத்தவங்க உடம்பு பட்டுப் புழங்குனதா இருக்கணும். ஆணியில தொங்கின சட்டையைக் கொண்டுபோனேன், காலர்ல அழுக்கு அப்படியே இருந்துச்சு. சொளகுல பச்சரிசியைப் பரப்பி அது மேல சட்டையை மடிச்சு வச்சான், என்னை முன்னால உக்கார வச்சான், உடுக்கையைத் தட்டிக்கிட்டே அவரை உச்சியிலருந்து உள்ளங்கால் வரைக்கும் வர்ணிச்சான், வழுக்கைக்காரா வாய்யா, மடிஞ்ச காதுக்காரா வாய்யா, வளைஞ்ச நடைக்காரா வாய்யான்னு. எனக்குத் தொடை நடுங்குச்சு, நெஞ்சு அடைச்சுச்சு, என் வாய் தானாத் தெறந்து, குக்கர் எத்தனை விசில்டி ஆச்சுன்னு கேட்டுச்சு. அப்படியே அவரு கொரலு. தெனம் காலையில பேப்பர் படிச்சுக்கிட்டே கேப்பாரே, அதே கேள்வி. செத்த மனுசன் அத்தனை தூரத்துலருந்து வந்து கேக்குற கேள்வியா அது! சிரிச்சேன், அழுதேன், வீட்டுக்கு வந்து மறுநாள் மத்தியானம் வரைக்கும் தூங்கினேன்.

அப்புறம் விடுவேனா, சுருளியைப் புடிச்சுக்கிட்டேன். எனக்கும் சொல்லிக்குடுன்னு நின்னேன். உங்களுக்கு எதுக்குக்கா இந்தத் தோலும் கயிறும், மண்ணே நல்லா ஓடுதேன்னு சிரிச்சான். மணிக்கட்டை எப்படிச் சொழட்டணும், கயித்தை எங்க இறுக்கணும், மூச்சு எங்க நிக்கணும், எல்லாம் வாழைத்தாரு எறக்கிட்டு வந்து மிச்ச நேரத்துல சொல்லிக்குடுத்தான். அதோட விட்டேனா, கொடைக்கானல்ல ஹெல்கான்னு ஒரு வெள்ளைக்காரம்மா ஹீலிங் முகாம் நடத்துறான்னு அங்கயும் போனேன். வட்டமா ஒரு தோல் மேளம், தரையில எல்லாரும் மல்லாக்கப் படுத்துக்கிடணும், அவ தட்டத் தட்ட நமக்குன்னு ஒரு காவல் மிருகம் வருமாம். பெங்களூர்க்காரிக்குக் கழுகு வந்துச்சு, இன்னொருத்தனுக்குப் புலி வந்துச்சு, எனக்கு எருமை வந்துச்சு. அசையாம நின்னு அசை போட்டுக்கிட்டு என்னையே பாத்துச்சு. திரும்பி வந்து சொன்னப்ப இவ எப்படிச் சிரிச்சா, பள்ளிக்கூட யூனிபாரத்தோட தரையில உருண்டு உருண்டு, எங்கம்மாவுக்கு எருமை, எங்கம்மாவுக்கு எருமைன்னு. அப்ப எனக்குக் கோவம். இப்ப அந்தச் சிரிப்பை ஒரு தடவை கேக்கக் குடுத்தா இந்த ஆஸ்பத்திரியையே எழுதிக் குடுத்துருவேன். போர்டுல முழுமை நலம்னு சேத்தேன், ஜனம் வந்துச்சு. மண்ணும் வச்சேன், உடுக்கையும் அடிச்சேன். மாமியார் கொரலு, புருசன் கொரலு, கெணத்துல விழுந்த அண்ணன் கொரலு, எத்தனை கொரலு இந்த ரூமுல. அவங்க உடம்பு தேறிப் போறதை நான் கண்ணால பாத்திருக்கேன், அது பொய் இல்ல. ஆனா எனக்கு ஒண்ணு மெல்ல மெல்லப் புரிஞ்சுபோச்சு, சுருளிகிட்டகூட நான் சொன்னதில்ல. வர்றது யாரும் இல்ல. கூட இருந்து பேசினவங்க நம்ம வாயிலயே வார்த்தையை விட்டுட்டுப் போயிடுறாங்க, உடுக்கை அதை உலுக்கி வெளிய எடுக்குது. அதுல என்ன தப்பு, விட்டுட்டுப் போனதும் அவங்களோடதுதானன்னு என்னையே சமாதானப்படுத்திக்கிட்டு நல்லாத்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன்.

இவ விரல் ஏன் அப்படிக் கம்பளியைப் பிச்சுக்கிட்டிருக்கு? குளிருதாடின்னேன். இல்லம்மான்னா. உதடு வெடிச்சுக் கெடக்கு. தேங்காயெண்ணெய் தடவலாம், தொட்டா அழுதுருவா, இல்ல நான் அழுதுருவேன், வேணாம். எட்டாம் மாசம். அசைவே தெரியலம்மான்னு போன் பண்ணினா, நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. மதுரை ஆஸ்பத்திரியில யாரும் தப்புப் பண்ணல, கொடி சுத்தியிருந்துச்சு, யாரால என்ன செய்ய முடியும்? யாரையாவது திட்டுறதுக்கு ஒரு ஆள் இருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். இவ மயக்கத்துல கெடந்தா. நர்ஸம்மா துணியில சுத்தி எங்கிட்டதான் முதல்ல குடுத்துச்சு. குடுத்தது எவ்வளவு நேரம், ஒரு தம்ளர் தண்ணி குடிக்கிற நேரம் இருக்குமா? அதுக்குள்ள சம்பந்தியம்மா கையை நீட்டிட்டா. மாப்பிள்ளை தினகர் அந்தச் சுவத்துல முட்டிக்கிட்டு நின்னாரு. மேகலாகிட்ட காட்ட வேணாம், பாத்தா மறக்க மாட்டா, எப்படி இருந்தான்னு சொல்லவும் வேணாம்னு பெரியவங்கல்லாம் சொல்லிட்டாங்க. எடுத்துட்டுப் போயிட்டாங்க. கண்ணு முழிச்சுக் கேட்டா, மண்ணுல மூடிட்டாங்கடின்னேன். மூணாம் நாளு பால் கட்டிக்கிச்சு. சொன்னா கேக்குமா அது, பிள்ளை இல்லன்னு பாலுக்கு யாரு சொல்றது? பூக்காரிகிட்ட மல்லிகையை அள்ளிட்டு வந்து நெஞ்சுல வச்சு இறுக்கிக் கட்டினேன், பால் வத்தணும்னா அப்படித்தான் கட்டுவோம். ரூம் பூராவும் கல்யாண வீடு மாதிரி மணக்குது, இவ அந்த மணத்துக்குள்ள படுத்துக்கிட்டு சீலிங் பேனையே பாத்துக்கிட்டிருக்கா. வெவரம் தெரியாம உள்ள எட்டிப்பாத்த பக்கத்து ரூம் பொம்பளை ஒருத்தி, என்னம்மா விசேசமா, பூவாசம் தூக்குதேன்னு கேட்டா. அட ஆண்டவனே, அன்னிக்கு அந்தக் கேள்விக்கு நான் ஆமான்னு தலையாட்டினேன்.

போன வாரம் ஷட்டரை எறக்கிவிட்டுட்டு நான் மட்டும் உக்காந்தேன், நல்ல உச்சி வெயில்ல. எல்லாம் தெரிஞ்ச நானே உக்காந்தேன். வர்றது யாரும் இல்லன்னு தெரிஞ்ச அதே சிறுக்கிதான் சொளகுல அரிசியைப் பரப்பினா. மேல வைக்க எதுவும் இல்ல, அரிசி மட்டும் கெடந்துச்சு. தட்டினேன், கை வலிக்கத் தட்டினேன், பேராண்டி வாடா, உங்கப்பத்தா வேணாம்னா போயிருவியா, அம்மாச்சி கூப்பிடுறேன் வாடான்னு. தொடை நடுங்கல, நெஞ்சு அடைக்கல, மில்லு ஓடுற சத்தம் கேட்டுச்சு, அவ்வளவுதான். பேசாமப் போன பிள்ளை எந்த வாயில என்ன வார்த்தையை விட்டுட்டுப் போயிருக்கும்? அழக்கூட இல்லையே அது. அன்னிக்கு உடுக்கையைக் கொண்டுபோய் ஆணியில மாட்டினவ இன்னும் கையில எடுக்கல. வந்தவங்களையெல்லாம் ஆடி போகட்டும் பாக்கலாம்னு அனுப்பிட்டேன். இந்த நேரம் பாத்து இவ வர்றா, நம்பாதவ நம்பிக்கிட்டு. என்னடி தாயி இது, நீ சிரிச்சப்ப நான் நம்பினேன், நான் விட்டப்ப நீ புடிச்சுக்கிட்டு வர்ற. எப்படியாவது தட்டிக் கழிக்கலாம்னு, கூப்பிடணும்னா அவன் புழங்குன பொருள் வேணுமேடின்னேன். சாக்ஸையோ தொப்பியையோ எடுத்து நீட்டுவா, இது போடாத பொருளுடி, செல்லாதுன்னு சொல்லிடலாம்னு பாத்தேன். அவ பையைத் தெறக்கவே இல்ல. அவன் புழங்குன பொருள் நான்தாம்மான்னா. நான் வாசக்காலைப் புடிச்சுக்கிட்டேன்.

இப்ப என்ன செய்ய? என் கொரலை மெலிசாக்கி, அம்மா நான் நல்லா இருக்கேன், அழாதேன்னு ரெண்டு வார்த்தை சொன்னா நம்பிடுவா. ஊருல அப்படிச் செய்றவன் இருக்கான், நான் செஞ்சதில்ல. சொல்லிட்டேன்னு வை, இன்னிக்குச் சிரிப்பா, மறுவாரம் வருவா, அதுக்கு மறுவாரமும் வருவா, என் தொண்டையில இருக்கிற ஒரு பிள்ளைக்குத் தாயா இருந்துக்கிட்டே கெழவியாயிடுவா. முடியாதுன்னு அனுப்பிட்டா? எங்க போவா? அந்த வீட்டுக்குத்தான் போவா. போயி என்ன பண்ணுவா? பஸ்ஸுல நின்னுக்கிட்டு வந்த மூஞ்சியைப் பாத்தேனே. அந்த மூஞ்சியோட அவளைத் திருப்பி அனுப்ப எனக்குத் தைரியம் இல்ல. கம்பளிக்குள்ள கையை விட்டுப் பட்டியைத் தொட்டுப் பாத்தேன். சூடாயிருச்சு. நல்லாவே சூடாயிருச்சு, இன்னும் கொஞ்சம் நேரம் விட்டாக் காய்ஞ்சு இழுக்கும். மண்ணு சூடாயிருச்சாம்மான்னு அவளே கேட்டா. ஆயிருச்சுடின்னேன். எடுக்காதே, கண்ணு மறைஞ்சே இருக்கட்டும்னா. நீ ஏற்கெனவே கூப்பிட்டுப் பாத்துட்டேல்லன்னு கேட்டா. பெத்தவளுக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும்னு எவன் சொன்னான். ஆமாடின்னேன். வரலையா? வரலடி. மில்லுக்காரன் மெஷினை நிறுத்திட்டான் போல, ரூம் திடீர்னு அமைதியாயிருச்சு. இதோ ஒடையப்போறா, நான் ஒடைச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டு அவ கையைப் புடிச்சேன். அவ ஒடையல.

எனக்குத் தெரியும்மா, அவன் எங்கருந்து வருவான், வந்துதான் என்ன பேசுவான்னா. வரவைன்னு கேக்கலம்மா, கூப்பிடுன்னுதான் கேக்குறேன்னா. அந்த வீட்டுல ஒருத்தரும் அவனைப் பத்தி வாயைத் தெறக்க மாட்டேங்குறாங்கம்மா, நான் ஆரம்பிச்சா அத்தை டிவி சத்தத்தைக் கூட்டிடுறாங்க, அவரு எந்திரிச்சு மாடிக்குப் போயிடுறாரு, அடுத்தது சீக்கிரம் வந்துரும்னு எல்லாரும் சொல்றாங்க. இவன் வந்தானேம்மா. நாலாவது பீரியட் பெல் அடிச்சா கிளாஸ்ல நிக்கும்போதே உதைப்பானே. ஒருத்தராவது அவனை வாடான்னு ஒரு தடவை கூப்பிட்டிருக்கணும்ல. இம்புட்டையும் அவ கத்தாம, பாடம் நடத்துற மாதிரி நிதானமாச் சொன்னா. நான் எந்திரிச்சேன். முழங்கால் கடகடன்னுச்சு. ஆணியிலருந்து உடுக்கையை எடுத்தேன். சொளகு வைக்கல, அரிசி வைக்கல, அவ பக்கத்துல போயி நின்னேன். கை வராதுன்னு பாத்தேன், வந்துச்சு. மெதுவாத் தட்டினேன். வர்ணிக்கணும்ல, உச்சியிலருந்துதான ஆரம்பிக்கணும், சொல்லக் கூடாதுன்னு பெரியவங்க சொன்னாங்க, சொன்னாச் சொல்லிட்டுப் போறாங்க, அவங்களா வந்து இந்தக் கட்டில்ல படுத்திருக்காங்க? தலை நெறைய முடிக்காரா வாடான்னேன். இவ உடம்பு ஒரு தூக்குத் தூக்குச்சு. முடி இருந்துச்சாம்மா? இருந்துச்சுடி, கருகருன்னு, ஈரமா நெத்தியில ஒட்டிக்கிட்டு. தட்டுறதை நிறுத்தாதேன்னா. தட்டினேன். மடிஞ்ச காதுக்காரா வாடா. அப்பா காதாம்மா? அப்பா காதேதான், இடது காது மட்டும். நீட்டு விரல்காரா வாடா. நகம்? நகம் வளந்திருந்துச்சுடி, வெட்டணும் போல இருந்துச்சு. அவ வயித்து மேல இருந்த பட்டி குலுங்கிக் குலுங்கி வெடிப்பு விட்டுச்சு, கண்ணுப் பட்டிக்கு அடியிலருந்து சேத்துத் தண்ணி ரெண்டு பக்கமும் காதுக்குள்ள எறங்குச்சு. மூக்கு? மூக்கு எப்படிம்மா இருந்துச்சு? என் கை நின்னுபோச்சு. தேடினேன், அந்தத் துணி, அந்த நெத்தி, அந்தக் காது, எல்லாம் இருக்கு, மூக்கு இருந்த எடத்துல ஒண்ணுமே இல்ல. உன் மூக்குதான்டின்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, ரெண்டே வார்த்தை. சொல்லல. எனக்குத் தெரியலடி தாயி, அழுதுக்கிட்டே பாத்தேன், மூக்கைப் பாக்காம விட்டுட்டேன்டின்னேன். அவ என் சேலை முந்தியைத் தடவிப் புடிச்சுக்கிட்டு, சரிம்மா, தெரிஞ்ச வரைக்கும் கூப்பிடுன்னா. தெரிஞ்ச வரைக்கும் கூப்பிட்டேன்.